ஒழுகும் மச்சும் சுண்ணாம்புக் காரையும்

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சு, கான்கிரீட் பரவுவதற்கு முன் சென்னை வீடுகளின் வழக்கமான கூரை. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு எனும் தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள்.

ஓட்டு இடுக்கு விரிந்தால் மழைநீர் இறங்கும். சுவருக்குள் புதைந்த கட்டை முனைதான் முதலில் இற்றுப்போகும்; கரையானும் அங்கேயே ஏறும். சுவரில் ஓதம் ஏறி, வெள்ளை உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிரும்.

பழுதுபார்ப்புக்கும் ஒரு முறை இருந்தது. ஒழுகலை அடைத்து, ஊறிய காரையைச் சுரண்டி, செங்கல்லைக் காற்றாட உலரவிட்டு, பிறகே புதுச் சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்பு நுண்துளைகள் வழியே ஈரத்தை வெளியேற்றும். 20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. பழைய சுவரில் பூசிய சிமெண்ட், ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரித்தது. அதனால் பழங்கட்டடச் சீரமைப்பில் இன்று மீண்டும் சுண்ணாம்பையே நாடுகிறார்கள்.