தீயில் பிறந்தவளின் வாரிசுகள்

பொம்மசந்திரா அடங்கிய ஆனேக்கல் வட்டத்திலும் பெங்களூரு நகரின் திகளர்பேட்டையிலும் தர்மராயர் கோயில் கரகம் எடுக்கிறார்கள். தெய்வ வம்சத்து மாந்தராக மனிதர் மாறும் பழைய மரபு இது. கரகம் எடுக்கும் சமூகத்தினரான திகளர்கள் தம்மை வன்னிகுல க்ஷத்ரியர் என்பர். தீயில் பிறந்த திரௌபதியே குலத்தாய். திமிராசுரனை வெல்ல அவள் படைத்த வீரகுமாரர்களின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டிலும் பிற்பாடு தேவ வம்சப் பாத்திரங்கள் இடம்பெற்றன. அங்கே தாளில் எழுதப்படும் பாத்திரத்தை இங்கே விரதமிருந்து உடலில் ஏற்கிறார்கள்.

பெங்களூரில் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் கரகம் சுமப்பவர் மஞ்சள் புடவையும் வளையலும் அணிகிறார்; மனைவியின் தாலியும் அவர் கழுத்துக்கு வருகிறது. தலையில் மல்லிகைச் சரம் தொங்கும் கோபுரம். உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகின்றனர். ஊர்வலம் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நிற்கிறது. கரகத்தின் மிக அழகான கட்டம் அதுவே.