மார்னிங் ஸ்டார்: பிரிட்டன் இடதுசாரிகளின் நாளிதழ்

மார்னிங் ஸ்டார், லண்டனிலிருந்து வெளிவரும் இடதுசாரி நாளிதழ். 1930 ஜனவரி 1 அன்று 'டெய்லி ஒர்க்கர்' என்ற பெயரில் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடாகத் தொடங்கப்பட்டது. 1966 ஏப்ரல் 25 முதல் இன்றைய பெயரில் வருகிறது. முதல் ஆசிரியர் வில்லியம் ரஸ்ட் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26. பெரும்பணக்காரர்களும் பெருநிறுவனங்களும் பத்திரிகைகளைக் கையில் வைத்திருக்கும் நாட்டில், வாசகர்களே பங்குதாரர்களாக இருந்து நடத்திவரும் ஏடு என்பதே இதன் தனித்தன்மை.

தொடக்கத்தில் மொத்த விநியோகஸ்தர்கள் இதை எடுத்துச் செல்ல மறுத்தார்கள். கட்சித் தோழர்களே ரயில் நிலையங்களில் கட்டுகளை இறக்கி, ஆலை வாசல்களிலும் தெருமுனைகளிலும் நின்று விற்றார்கள். 1945இல் 'மக்கள் அச்சகச் சங்கம்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, ஏடு அதன் உடைமையானது. அன்று ஒரு பவுண்டு கொடுத்தால் பங்குதாரர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். கொள்கை ஏடு என்றாலும் வெறும் தீர்மானங்களை அச்சிடும் தாளாக அது இருந்ததில்லை. 1949 கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில், யாரும் பொருட்படுத்தாத 'ரஷ்யன் ஹீரோ' வெல்லும் என்று 'கேட்டன்' என்ற புனைபெயரில் கணிப்பு எழுதியவர் சொன்னார். 66க்கு 1 என்ற விகிதத்தில் அந்தக் குதிரை வென்றது. மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்; ஆசிரியர் குழுத் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தவர் அவர்தான்.

இரண்டாம் உலகப் போரை ஏகாதிபத்தியப் போர் என்று எழுதிவந்த ஏட்டுக்கு, 1941 ஜனவரி 21 அன்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் தடை விதித்தார். மாரிசன் தொழிற்கட்சிக்காரர். அந்த ஆண்டு ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும் கம்யூனிஸ்ட் கட்சியின் நிலை தலைகீழாக மாறியது. ஆனாலும் 1942 செப்டம்பரில்தான் ஏடு மீண்டும் வெளிவந்தது.

இந்த ஏட்டை மதிப்பிட விரும்புபவர்கள் 1950ஐயும் 1956ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். 1950இல் கொரியப் போரைப் பற்றி எழுதச் சென்ற ஆலன் வின்னிங்டன், டேஜான் நகருக்கு அருகே பெரும் புதைகுழிகளைக் கண்டார். தென்கொரியக் காவல்துறை அரசியல் கைதிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து சுட்டுப் புதைத்ததைக் கிராமத்தாரிடம் கேட்டறிந்து எழுதினார். லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகம் அதைக் கட்டுக்கதை என்றது. அவர்மீது தேசத்துரோக வழக்குப் போடலாமா என்று பிரிட்டன் அமைச்சரவை ஆலோசித்தது. பிறகு அவருடைய கடவுச்சீட்டு பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, தென்கொரியாவே அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையம் அந்தப் படுகொலையை உறுதிசெய்தது. மற்ற ஏடுகள் கண்டுகொள்ளாததை எழுதியது டெய்லி ஒர்க்கர்தான்.

ஆறே ஆண்டுகளில் அதே ஏடு தன் நிருபரின் வாயையே அடைத்தது. 1956 அக்டோபரில் சோவியத் ஆதரவு ஆட்சிக்கு எதிரான ஹங்கேரி எழுச்சியின்போது அனுப்பப்பட்ட பீட்டர் ஃபிரையர், மாஜரோவார் என்ற சிற்றூரில் பாதுகாப்புக் காவலர்கள் சுட்டுக்கொன்ற பொதுமக்களின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்ததைக் கண்டார். உழைக்கும் மக்களே அங்கே கிளர்ந்தெழுந்திருக்கிறார்கள் என்று அவர் எழுதியனுப்பிய செய்திகளை ஆசிரியர் குழு வெட்டியது, பிறகு போடவே மறுத்தது. ஃபிரையர் பதவி விலகி, கண்டதைப் புத்தகமாக எழுதினார். கட்சி அவரை நீக்கியது. கேலிச்சித்திரக்காரர் 'கேப்ரியல்' உள்ளிட்ட பலரும் வெளியேறினார்கள். தொழிலாளரின் பெயரால் நடக்கும் ஏடு, தொழிலாளர்மீது துப்பாக்கி திரும்பியபோது மௌனம் காத்தது மன்னிக்கக்கூடியதல்ல.

விளம்பர வருவாய் அதிகம் இல்லாத ஏடு யாரைச் சார்ந்து நிற்கும் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. சோவியத் ஒன்றியம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பிரதிகளை வாங்கிவந்தது. மறுபக்கம், தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற 'டெய்லி ஹெரால்ட்' 1933இல் 20 லட்சம் பிரதிகள் விற்றும், வாசகர்கள் ஏழைகள் என்பதால் விளம்பரதாரர்களை ஈர்க்க முடியாமல் தவித்தது. 1964இல் 'தி சன்' ஆகப் பெயர் மாறி, 1969இல் ரூப்பர்ட் முர்டோக்கின் கைக்குப் போனது. அந்தப் பத்திரிகையே சுரங்கத் தொழிலாளர்களின் 1984–85 வேலைநிறுத்தத்தைக் கடுமையாகத் தாக்கியது. அந்த வேலைநிறுத்தத்தின்போது, 1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் என்ற ஊரில் குதிரைப்படைக் காவலர்கள் தொழிலாளர்மீது பாய்ந்தார்கள். பிபிசி மாலைச் செய்தியிலோ கல்வீச்சு முன்னும் குதிரைப் பாய்ச்சல் பின்னுமாகக் காட்சிகள் வரிசை மாறி வந்தன. தவறுதலாக நேர்ந்தது என்று நிறுவனம் பின்னர் சொன்னது. கலவர வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள்மீதான விசாரணை 1985இல் நீதிமன்றத்தில் நிற்காமல் சரிந்தது. அந்த ஓராண்டும் தொழிலாளர் தரப்பை நாள் தவறாமல் எழுதியது மார்னிங் ஸ்டார்.

அதே ஆண்டுகளில் ஏட்டுக்கும் கட்சித் தலைமைக்கும் பிளவு முற்றியது. வர்க்கப் போராட்டத்தை முன்னிறுத்திய ஆசிரியர் டோனி சேட்டர் பக்கம் பங்குதாரர்கள் நின்றதால் ஏடு கட்சித் தலைமையின் பிடியிலிருந்து விலகியது. பழைய கட்சி 1991இல் கலைந்தது. 1988இல் பிரிந்து உருவான கம்யூனிஸ்ட் கட்சியின் திட்டத்தையே ஏடு இன்றும் ஏற்கிறது. 1998இல் ஆசிரியர் ஜான் ஹெய்லெட் நீக்கப்பட்டபோது பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அவரை மீண்டும் பதவியில் அமர்த்தினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தை முதலாளிகளின் கூட்டு என்று கருதும் ஏடு, 2016 பொதுவாக்கெடுப்பில் வெளியேறுவதையே ஆதரித்தது. பின்னாளில் தொழிற்கட்சித் தலைவரான ஜெரமி கோர்பின் இதில் நெடுங்காலம் பத்தி எழுதினார். அதே 2016 டிசம்பரில், சிரியாவின் அலெப்போ நகரம் அரசுப் படைகளிடம் வீழ்ந்ததை 'விடுதலை' என்று முதல் பக்கத்தில் போட்டதற்கு இடதுசாரிகளிடமிருந்தே கண்டனம் வந்தது. 1956இன் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை என்பதை அது காட்டியது. சோவியத் கொள்முதல் நின்றுபோன பின் ஏட்டைத் தாங்குவது சந்தாவும், 'போராட்ட நிதி' என்ற பெயரில் மாதந்தோறும் வாசகர்கள் அனுப்பும் சிறு தொகைகளும்தான். சுரங்கத் தொழிலாளர், ரயில்வே ஊழியர் உள்ளிட்ட பல தொழிற்சங்கங்கள் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றிருக்கின்றன. பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம் பல நகரங்களில் நடக்கிறது.