பாலாற்றின் கடைமடையில் ஒரு தீர்ப்பு

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பற்றியோ மாமல்லைச் சிற்பங்களைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்டதோ இரத்தமும் தோலும் உப்பும் கலந்த பொருள். எனினும் அது நம் ஊருக்கு அயலான பொருளன்று. புதுப்பட்டினத்திற்குத் தெற்கே, வாயலூரையொட்டிப் பாலாறு கடலில் கலக்கிறது. கருணாகரத் தொண்டைமானின் படை கலிங்கம் நோக்கிச் சென்ற வழியில் கடந்த ஆறுகளை வரிசைப்படுத்தும் சயங்கொண்டார் முதலில் வைப்பது இப்பாலாற்றைத்தான். அந்த ஆறு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய கதையே இக்கட்டுரை.

கொலைக்களங்களை ஊருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்னும் வழக்கு பழையது. பாரிசில் நெப்போலியன் 1810இல் அதற்கென ஆணை பிறப்பித்தார். இலண்டனின் ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தை 1855இல் ஊரைவிட்டு நீங்கியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே மிசிசிப்பி ஆற்றில் கழிவுகள் கொட்டப்பட்டன. அதைத் தடுக்க 1869இல் சட்டம் வந்தது. பிழைப்புப் போயிற்றென்று கசாப்புத் தொழிலாளர் தொடுத்த வழக்கில், 1873இல் ஐவருக்கு நால்வர் என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் அவர்கள் தோற்றனர். தில்லியில் மேனகா காந்தி தொடுத்த வழக்கில் ஈத்கா கொலைக்களத்தை மூடும்படி உயர் நீதிமன்றம் 1994இல் ஆணையிட்டது. வணிகர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். நாளொன்றுக்கு 2,500 விலங்குகள் என வரம்பு கட்டப்பட்டது. மாற்றிடமான காஜிப்பூர் கூடம் இயங்கத் தொடங்கியது 2009இல்தான். மூடு என்று சொல்ல ஒரு நாள் போதும். எங்கே போவது என்பதற்கு விடை காணப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

நம் பக்கத்தில் அவ்விடத்திற்கு ஆட்டுத்தொட்டி என்று பெயர். ஆட்டுத்தொட்டியில் அறுபடும் உயிரின் இறைச்சி அன்றே உலையேறிவிடும். தோலோ உப்பிடப்பட்டு, மண்டிக்குப் போய், அங்கிருந்து பதனிடும் கிடங்கிற்குப் போகும். ஆகவே நம் மாநிலத்தில் இந்த வழக்கு ஆட்டுத்தொட்டியின் வாசலில் நடக்காமல், தோல் சென்று சேர்ந்த ஆற்றங்கரையில் நடந்தது.

முன்னாளில் தோல் பதனிட ஆவாரம்பட்டையே பயன்பட்டது. நாம் கவிதையில் பூவாக மட்டுமே அறிந்த ஆவாரை பல்லாயிரவர்க்குச் சோறு போட்ட செடியாகும். பட்டையில் ஊறித் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் 1903ஆம் ஆண்டளவில் குரோம் முறையைச் சோதித்தார். குரோமிய உப்பு அந்த வாரங்களை ஓரிரு நாட்களாகக் குறைத்தது. பல்லாவரத்தருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரே இன்றைய குரோம்பேட்டை. அவ்வூரில் குடியிருக்கும் நம் அன்பர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பர்!

1970களில் மைய அரசு பதப்படாத தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையே ஊக்குவித்தது. அயல்நாட்டுச் செலாவணி பெருகிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனப் பாலாற்றங்கரை நெடுகக் கிடங்குகளும் பெருகின. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என வழக்கில் கூறப்பட்டது. அந்நீர் உப்பும் குரோமியமும் சுமந்து வயலுக்கும் ஆற்றுக்கும் சென்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என வேளாண் பல்கலைக்கழகத்தின் முதற்கட்ட ஆய்வு கண்டது. திண்டுக்கல் பக்கத்தில் 13 சிற்றூர்களில் எண்ணிப் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவை மூடப்பட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்று அமைய வேண்டும் என்பன ஆணைகள். மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இத்தீர்ப்பால் எனலாம். அம்மாவட்டங்களுள் நம்முடையதும் ஒன்று. வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று தலைவர்களின் பெயர்கள் மாசு வழக்கொன்றில் வரிசையாக நின்ற காட்சியை இன்று படித்தாலும் மனம் ஒருமாதிரி ஆகிறது. மறு ஆண்டே மாவட்டங்கள் அப்பெயர்களை இழந்தன.

இத்தீர்ப்பைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். எனக்கும் அதன்பால் மதிப்புண்டு. ஆயினும் மூடு என்னும் சொல்லுக்குப் பின்னால் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து வெறுங்கையால் தூக்கிய கூலியாள் நிற்கிறார். நஞ்சு முதலில் ஏறியது அவர் காலில். கதவு அடைபட்டால் முதலில் அணைவதும் அவர் வீட்டு அடுப்பு. அவர் பெயர் அந்நாளைய விவாதங்களில் அரிதாகவே கேட்டது. முதலாளிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்கு செலுத்திக் கதவைத் திறந்துகொண்டனர். அந்நிலையங்கள் அழுக்கையும் குரோமியத்தையும் பெருமளவு பிரித்தெடுத்தன. ஆனால் ஆட்டுத்தொட்டியிலிருந்து தோலோடு வந்த உப்பைப் பிரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. கிணற்றைக் கெடுத்ததோ அந்த உப்பு. அதனை வடிக்கும் சவ்வூடு முறை பின்னரே வந்தது. இதனினும் கொடியது 2015 சனவரி 31 விடியலில் நேர்ந்தது. இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேரை மூழ்கடித்தது. அவர்களுட் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

உழவர்க்கு என்ன கிடைத்தது? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 186 ஊர்களில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டு, 547 தொழிற்சாலைகளின் தலையில் ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் சுமத்தியது. பங்கிட்டால் ஆளுக்குப் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஒரு நிலத்தின் விலையாக அதைச் சொல்ல நா எழவில்லை. அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 2025 சனவரி 30 அன்று நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் இழப்பீட்டை வழங்கி முடிக்கவும், ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதியரசர் தலைமையில் குழு அமைக்கவும் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. வழக்கு தொடுத்தபோது பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது முப்பத்து மூன்றைத் தாண்டியிருக்கும்.

2019இல் வாயலூரில் தடுப்பணை எழுந்தது. 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாய் வந்து அதன்மேல் வழிந்து கடலுக்குள் பாய்ந்தபோது, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது; நானும் போயிருந்தேன். வாணியம்பாடி நீரும் ஆம்பூர் நீரும் பிரித்தறிய முடியாத செம்பழுப்பாய் ஓடின. என் அருகே நின்ற முதியவர் ஒருவர் குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.