மாண்பு தேடிய இரு மக்கள்

வட சிலாங்கூரின் பால்மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் தமிழர் வியர்வையில் தழைத்தவை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயரே தமிழ். ஆனால், அங்கு உழைத்த தமிழனோ வெறும் கூலி. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்றல் வேண்டும் என்பது அக்காலத் தோட்டங்களின் எழுதாச் சட்டமாக இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர். மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதையொட்டி எழுந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அதனை வழிநடத்தியவர் மார்ட்டின் லூதர் கிங்.

மனச்சான்று அரசினும் மேலானது என 1849இல் எழுதியவர் அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோ. அவர் கருத்து காந்தியடிகளுக்கு உரமாயிற்று. காந்திய நெறி கிங்கிற்கு வழிகாட்டிற்று. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிங் பயின்ற கிறித்தவ ஆளுமைக் கொள்கை, ஒவ்வொரு மனிதனும் இறைவனின் சாயல், ஆகவே மதிப்பிற்குரியவன் என்றது. எனினும், அம்மாண்பு அன்பால் இணைந்த சமுதாயத்தில்தான் முழுமை பெறும் என்பது கிங்கின் துணிபு.

தோட்டத் தொழிலாளர் தோரோவைக் கற்றவரல்லர். காந்தியின் பெயரும், 1929இல் மலாயா வந்த பெரியாரின் தன்மானக் குரலும் அவர்களை எட்டியிருந்தன. கிங் இறைவனை முன்னிறுத்தினார். பெரியார் இறைவனை மறுத்தார். மனிதன் மனிதனுக்குத் தாழ்ந்தவனல்லன் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

மிதிவண்டியிலிருந்து ஒருவன் மட்டும் இறங்க மறுத்திருப்பின் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்திருப்பான். பலர் கூடி மறுத்தபோது ஆட்சியே படையை அழைக்க நேர்ந்தது. தனிமனித மாண்பைச் சமுதாயமே காக்க வல்லது என்பதை ஏட்டறிவு பெரிதும் வாய்க்காத அம்மக்கள் வாழ்ந்து காட்டினர். நம் மாணவர் மாண்ட்கோமரியை அறிவர். கிள்ளானையும் அறிதல் வேண்டும்.