காலம் பிந்திய கார்கள்: இணையக் கார்ப்பந்தயத்தில் சர்வரும் தாமதமும்

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டரைக் கடக்கிறது. ஆகவே ஓர் ஓட்டுநரின் கணினியிலிருந்து மற்றவரின் கணினிக்குச் செய்தி போய்ச் சேர நொடியில் பத்திலொரு பங்கு பிடித்தாலும், அதற்குள் அந்தக் கார் ஒரு முழுக் கார் நீளத்துக்கும் மேலாக, அதாவது 8 மீட்டர், முன்னேறிவிட்டிருக்கும். சிம் ரேசிங் எனப்படும் கணினிக் கார்ப்பந்தயத்தில் ‘லேக்’ என்று வழங்கும் இத்தாமதம் பெரும்பாலும் சர்வரைப் பராமரிப்போரின் தொல்லையாக மட்டுமே பேசப்படுகிறது. எனினும், இந்த விளையாட்டின் ஏறத்தாழ முப்பதாண்டு வரலாற்றைப் பின்தொடர்ந்தால், லீக்குகளின் விதிகளில் கணிசமானவை இந்தத் தாமதத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளே என்பது புலப்படும்.

1987இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட் கேமரும் ஓமர் குடாரியும் தொடங்கிய பாப்பிரஸ் நிறுவனம், 1994இல் ‘நாஸ்கார் ரேசிங்’கை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ‘ஹவாய்’ என்ற பெயரில் அது நடத்திய பல்லோட்டுநர் சேவையில், பங்கேற்பாளர்கள் இணையத்தின் வழியே வராமல், மோடம் மூலம் நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துச் சர்வரை அடைந்தனர். வெளியூர் அழைப்புக் கட்டணம் ஓட்டுநரின் தலையில் விழுந்தபோதிலும், இடையில் வேறு எந்தக் கணினியும் குறுக்கிடாத அந்த ஒற்றைக் கம்பி, தாமதத்தைக் குறைக்காவிட்டாலும் ஒரே சீராக வைத்திருந்தது. தாமதம் கூடுதலாக இருப்பதைவிட நிமிடத்துக்கு நிமிடம் அது மாறுவதே பந்தயத்துக்குப் பெருங்கேடு என்பதால், அன்றைய நிலையில் அது தக்க ஏற்பாடே எனலாம்.

செய்தி வந்து சேராத இடைவெளியில் எதிராளியின் காரைத் திரையில் எங்கே நிறுத்துவது என்ற வினாவுக்கான விடை, விளையாட்டுக்கு வெளியே ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1980களில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பாவுக்காக, அதே மாநிலத்தைச் சேர்ந்த பிபிஎன் உள்ளிட்ட நிறுவனங்கள் உருவாக்கிய சிம்நெட் என்ற பீரங்கி வண்டிப் பயிற்சி வலையமைப்பில், ஒவ்வொரு வண்டியின் கடைசி இடம், வேகம், திசை ஆகியவற்றைக் கொண்டு அது இப்போது இருக்கக்கூடிய இடத்தை மற்றக் கணினிகள் ஊகித்துக்கொண்டன. ஊகம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிசகும்போது மட்டுமே புதிய செய்தி அனுப்பப்பட்டது. கரை தெரியாத கடலில் வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கணக்கிட்டு மாலுமி தன் இடத்தை அறியும் பழைய முறையே இது. மெதுவாக நகரும் பீரங்கி வண்டிக்குப் போதுமான இந்த ஊகம், வளைவில் திடீரெனப் பிரேக் பிடிக்கும் காருக்குப் போதவில்லை. ஊகித்த இடத்திலிருந்து உண்மையான இடத்துக்குக் கார் துள்ளிக் குதிப்பதை ஓட்டுநர்கள் ‘வார்ப்’ என்றனர்.

1998இல் பாப்பிரஸ் வெளியிட்ட, 1967ஆம் ஆண்டுப் பந்தயப் பருவத்தை மீட்டுருவாக்கிய ‘கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்’ இணையத்தில் ஓடத் தொடங்கியதும், ஓட்டுநர் ஒருவர் தம் வீட்டுக் கணினியையே சர்வராக்கிப் பந்தயம் நடத்தும் வழக்கம் பரவியது. இங்கே சிக்கல் பெருக்கல் கணக்காக வந்தது: 20 கார்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற 19 பேரின் நிலையையும் அனுப்ப வேண்டியிருப்பதால் 380 செய்தி ஓட்டங்களும், 40 கார்கள் இருந்தால் 1,560 ஓட்டங்களும் தேவைப்படுகின்றன, கார்கள் இருமடங்கானால் சுமை நான்கு மடங்காகிறது. எனவே கார்களின் எண்ணிக்கைக்கும், செய்தி போய்த் திரும்பும் நேரமாகிய ‘பிங்’குக்கும் லீக்குகள் உச்சவரம்பு வகுத்தன. 2005இல் வந்த ‘ஆர்ஃபாக்டர்’ காலத்தில், யாரேனும் நடுவில் நுழைந்தால் மற்றவர்களின் திரை கணநேரம் திக்கியதால், தகுதிச் சுற்றின்போது எவரும் உள்ளே வரலாகாது என்ற கட்டுப்பாடும் வழக்கில் இருந்தது. செய்தியை அடிக்கடி அனுப்பினால் ஊகம் சீர்படும், ஆனால் சர்வர் திணறும். 2014இல் முழு வடிவம் பெற்ற ‘அசெட்டோ கோர்சா’வின் சர்வர் கோப்பில் பரவலாகக் காணப்பட்ட நொடிக்கு 18 முறை என்ற அளவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசமே. அந்த அளவிலும் இரு செய்திகளுக்கு நடுவே கார் நான்கரை மீட்டர் ஓடிவிடும்.

துப்பாக்கி விளையாட்டுகளில், சுட்டவர் கண்ட கணத்துக்குச் சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தீர்ப்பளிக்கும் முறையை வால்வ் நிறுவனம் நிலைநாட்டியது. இரு கார்கள் உரசுவதோ குண்டு பாய்வது போல ஒரு கண நிகழ்ச்சியன்று. ஒவ்வோர் ஓட்டுநரும் தம் காரை நிகழ்காலத்திலும் மற்றவரின் காரை ஊகத்திலும் காண்பதால், ஒருவர் திரையில் மோதலாக நிகழ்வது மற்றவர் திரையில் ஒரு முழ இடைவெளியாக இருக்கக்கூடும். இத்தகைய மோதலை ஓட்டுநர்கள் ‘நெட்கோட்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். கேமர் தொடங்கி 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஐரேசிங்’, பிழை யாருடையது என்று ஆராயாமலே மோதலுக்குத் தண்டப் புள்ளி வழங்குகிறது. நீதி என்று பார்த்தால் இது குறையுடையதே. ஆனால் இரு வேறு உண்மைகளுக்கு நடுவில் அமர்ந்த நடுவருக்கு வேறு வழி எளிதாகக் கிட்டுவதில்லை.

தொலைவு மட்டும் எந்த உடன்படிக்கைக்கும் இணங்குவதில்லை. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டரே செல்வதால், சுமார் 16,000 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட சிட்னிக்கும் பாஸ்டனுக்கும் இடையே செய்தி போய்த் திரும்ப, கம்பி நேர்க்கோட்டில் கிடந்தாலும், 160 மில்லிநொடி தேவை. கண்டந்தோறும் சர்வர்களை நிறுவும் ஏற்பாடு இதனாலேயே வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 13, 14ஆம் நாள்களில், 50 கார்களும் 200 ஓட்டுநர்களும் ‘ஆர்ஃபாக்டர் 2’இல் பங்கேற்ற மெய்நிகர் லெ மான் 24 மணி நேரப் பந்தயம், சர்வர் கோளாறால் இருமுறை சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரியிலும் ஓட்டுநர்கள் அனைவரும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டபோது கொடி உயர்ந்தது. ஆனால் அதே பந்தயத்தில் முன்னணியில் இருந்த ஃபார்முலா 1 ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தனி இணைப்பு அறுந்தபோது பந்தயம் நிற்கவில்லை. பல இடங்கள் பின்தள்ளப்பட்ட அவர் கடுஞ்சினத்தோடு விலகினார். எல்லோருக்கும் நேர்ந்தால் விபத்து, ஒருவருக்கு நேர்ந்தால் எஞ்சின் பழுது போன்ற அவருடைய கேடு என்ற வீட்டுச் சர்வர் காலத்து லீக் வழக்கத்தின்படியே அப்பந்தயமும் தொடர்ந்து ஓடியது.