டென்மார்க்: மாறுகிறது பதிவு எண், தொடர்கிறது குளியலறைக் கேள்வி

டென்மார்க்கில் 18 வயது நிரம்பியவர்கள், மருத்துவச் சான்றோ அறுவை சிகிச்சையோ இன்றி, தமது சொந்த வாக்குமூலத்தின் பேரிலேயே சட்டபூர்வப் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. அர்ஜென்டினா 2012இல் இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. ஐரோப்பாவில் இதனை முதலில் செய்த நாடு டென்மார்க்.

அதற்கு முன்னர், பாலின மாற்றம் பதிவாக வேண்டுமானால் இனப்பெருக்க ஆற்றலை இழக்கச் செய்யும் அறுவை சிகிச்சை கட்டாயமாக இருந்தது. 1952இல் அமெரிக்கரான கிறிஸ்டீன் ஜோர்கன்சனுக்கு கோபன்ஹேகனில் அளிக்கப்பட்ட சிகிச்சை உலகச் செய்தியானது. அந்த நகரைத் தலைநகராகக் கொண்ட நாடு அறுவை சிகிச்சை நிபந்தனையைக் கைவிட மேலும் அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒற்றையும் இரட்டையும்

இச்சட்டம் மாற்றுவது உண்மையில் ஓர் எண்ணை. 1968 முதல் டென்மார்க்கில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க ஆள் எண் வழங்கப்படுகிறது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கி, மருத்துவமனை, வரி அலுவலகம் என எங்கும் இந்த எண்ணே ஒருவரின் அடையாளம்.

விண்ணப்பித்தவர் ஆறு மாதம் கழித்துத் தமது முடிவை மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவசர முடிவுகளைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். உறுதிசெய்தபின் புதிய எண் கிடைக்கும்.

ஆனால் எண் மாறுவதால் உடல் மாறிவிடுவதில்லை. பெண்ணாகப் பதிவாகியிருந்து ஆணாக மாற்றிக்கொண்ட திருநம்பி ஒருவருக்குக் கருப்பை இருக்கலாம். எனினும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு பெண்களின் எண்களுக்கே தானாகச் செல்வதால், அது அவரைத் தேடி வராத நிலை ஏற்பட்டது.

நீச்சல்குள விதி

ஒரு பாலினருக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் குறித்த சர்ச்சை வேறு பல நாடுகளில் கழிப்பறையைச் சுற்றியே எழுகிறது. டென்மார்க்கில் அதன் கூர்மையான முனை நீச்சல்குளம்தான்.

அந்நாட்டின் பொது நீச்சல்குளங்களில் நீரில் இறங்குமுன் நீச்சலுடையைக் களைந்து, சோப்பு தேய்த்துக் குளித்தாக வேண்டும். சுகாதாரம் கருதிய இந்த விதி கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது. குளியல் கூடங்களோ பெரும்பாலும் தடுப்பில்லாத திறந்த கூடங்கள். ஆகவே அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத திருநங்கை ஒருவர், சட்டத்தின் கண்ணில் பெண்ணாக இருந்தும், பெண்கள் கூடத்தில் பிறர் பார்வையில் வேறாகத் தென்படுவார். ஆண்கள் கூடத்துக்கு அனுப்பினால் அவமதிப்புக்கும் சில வேளைகளில் தாக்குதலுக்கும் ஆளாகக்கூடும். நீச்சலையே விட்டுவிடுவதுதான் அவருக்கு எஞ்சும் வழியா என்பது திருநர் தரப்பின் கேள்வி.

மறுதரப்பில் உள்ள பெண்களின் கவலையை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட இயலாது. உடையின்றி நிற்கும் இடத்தில் யார் உடனிருக்கலாம் என்பதில் தமக்கும் பள்ளிச் சிறுமியருக்கும் சொல்லுரிமை வேண்டும் என்கிறார்கள் அவர்கள். யட்லாந்தில் ஹெர்னிங், பிரண்டே போன்ற ஊர்களில் 1980களிலிருந்து குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கூச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இரு தரப்புக்கும் இடம் தருகிறது. தனிமையும் நாணமும் கருதி சேவைகளைப் பால்வாரியாகப் பிரிப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறை ஏற்கிறது. பாலின அடையாளத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதை டென்மார்க்கின் சமத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் வெளிப்படையாகவே தடை செய்கிறது. இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கும் வேலை பெரும்பாலும் நீச்சல்குள நிர்வாகியின் தலையில் விழுகிறது.

மூன்றாவது கதவு

பிரிட்டனில் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில், 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது.

இந்தியா சென்ற பாதை முற்றிலும் வேறு. டென்மார்க் நாடாளுமன்றம் தனது சட்டத்தை நிறைவேற்றியது 2014 ஜூனில். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 15 அன்று, இந்திய உச்சநீதிமன்றம் திருநரை மூன்றாம் பாலினராக அங்கீகரித்து, அவர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்குமாறு அரசுகளுக்குக் கூறியது. தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் அமைந்திருந்தது.

இந்தியத் தீர்ப்பு காகிதத்திலேனும் மூன்றாவது கதவொன்றைத் திறந்தது. ஒற்றை, இரட்டை என்ற இரண்டே இலக்க வகைகளைக் கொண்ட டேனிஷ் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. அங்கு ஒருவர் ஒரு கதவிலிருந்து மற்றதற்குச் செல்கிறார். தனிக் கதவு மரியாதையா, ஒதுக்கிவைப்பா என்பதில் இந்தியத் திருநர் மத்தியிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

டென்மார்க்கின் சில நீச்சல்குளங்கள் திரையிட்ட குளியல் தடுப்புகளையும் தாழிடக்கூடிய தனியறைகளையும் அமைத்துள்ளன. மாற்றுத்திறனாளிகள், சிறு மகளுடன் வரும் தந்தையர், பிறர் முன் உடை களையக் கூசும் பதின்வயதினர், குடியேறிய குடும்பத்துப் பெண்கள் எனப் பலருக்கும் அவை பயன்படுகின்றன. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் அது வசதி. திருநரை மட்டும் அங்கே போகச் சொன்னால், பதிவேட்டில் இல்லாத மூன்றாவது கதவு நீச்சல்குளத்தில் முளைத்துவிடுகிறது.