ஏட்டிலிருந்து கணினிக்கு: கல்முனைக் கரையோரத்துப் பதிவு வரலாறு – ஒரு நோக்கு

பெருநிறுவனம் ஒன்று ஏடுகளை விடுத்துக் கணினிக்கு மாறும்போது இயந்திரத்தின் வேகமும் விலையுமே பெரிதும் பேசப்படுகின்றன. அவ்வியந்திரத்துள் எவருடைய பெயர் எவ்வாறு புகுகின்றது என்னும் வினா பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. இலங்கையின் மிகப் பெரிய நிறுவனம் அரசே ஆதலின், அதன் பதிவுமுறை மாறிய வரலாற்றைக் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வைத்து நோக்குவது அவ்வினாவுக்கு விடை காண உதவும்.

ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிற் காணிகளையும் மக்களையும் தோம்புகளிற் பதிந்தனர். பிரித்தானியர் காலத்தில், 1867ஆம் ஆண்டு முதல், பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்கான அரச கருமமாயிற்று. முஸ்லிம்களின் விவாகப் பதிவு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஏடுகள் மாறினும், ஏட்டுக்கும் ஊருக்கும் இடையே நின்ற மனிதனின் தேவை மாறவில்லை. விதானை முறை ஒழிந்து 1963இற் கிராம சேவகர் பதவி தோன்றிய பின்னரும், “இவர் இன்னாருடைய மகள், இன்ன வளவில் வாழ்பவர்” என உறுதி கூற வல்ல ஒருவரே அரச பதிவுக்கு அடித்தளமாய் இருந்தார்.

இவ்வூர்களுக்கென வேறொரு நினைவுமுறையும் இருந்தது. கிழக்கிலங்கைத் தமிழரிடையே போன்று இங்குள்ள முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவியது; பிள்ளை தாயின் குடியைச் சார்ந்தது. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் சார்பில் மரைக்காயர் இடம்பெற்றனர். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவதும் வழக்கு. இவ்வாறு வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. அரசின் அட்டையோ வேறு செய்திகளையே வேண்டி நின்றது. அதன் இலக்கம் பிறந்த ஆண்டையும் நாளையும் சுட்டும். பெண்ணாயின் நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். ஒருவர் பெண் என்பதை அறிய அவ்விலக்கம் போதும். அவரே வீட்டுக்குரியவர் என்பதை அறிய அது போதாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி ஆகியனவும் வீடுகளோடு அள்ளுண்டு போயின. காணாமற்போனோரின் இறப்பைப் பதிவதற்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வேண்டியதாயிற்று. இதே வேளையில் இலங்கைக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விபரங்களை ஓரிடத்திற் சேர்ப்பது அதன் நோக்கம். 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டமை இலங்கையர் பெருமை கொள்ளத்தக்கது. ஆயினும், முகாமில் அமர்ந்து பெயர் கேட்டு எழுதுபவரும், அப்பெயர் உண்மையென உரைக்கும் அயலவரும் இல்லையேல் எம்மென்பொருளும் வெறும் பாத்திரமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மீள்குடியேற்றத்தின்போது இச்சிக்கல் மேலும் தெளிவாயிற்று. வடக்குக் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் 2005இல் முதற்கண் தடுக்கப்பட்டமையாற் பலருக்கு வேறிடத்தில் வீடு வழங்க நேர்ந்தது. புதிய வீடுகளின் உரிமை பெரும்பாலும் ‘குடும்பத் தலைவர்’ பெயரில், அதாவது கணவன் பெயரில், எழுதப்பட்டது. கடல் கொண்ட வீடு மனைவியுடையது. அரசு தந்த வீடு கணவனுடையதாயிற்று. கூட்டுரிமை வேண்டுமெனப் பெண்கள் சார்பிற் குரல் எழுந்தது. இவ்வாறு நிகழ்வதற்கு எவருடைய தீய எண்ணமும் வேண்டியதில்லை. ஒரு பெயருக்கே இடமளிக்கும் படிவம் போதும். காகித ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பேனும் எழுதலாம். கணினிப் படிவத்துக்கோ ஓரம் இல்லை.

எழுத்தின் நிலையும் இத்தகையதே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், பாமினி போன்ற எழுத்துருக்களிற் பதிந்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றிற்று. ஒருங்குறி பரவிய பின்னரே இக்குறை நீங்கலாயிற்று. முஹம்மது, முகம்மது, முஹம்மத் என ஒரே பெயர் பலவாறு எழுதப்படும் ஊர்களில், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி ஒருவரையே மூவராகக் கொள்ளக்கூடும். ஊரறிந்த கிராம உத்தியோகத்தருக்கு அம்மயக்கம் ஏற்படாது.

2016 முதல் அடையாள அட்டை இலக்கம் 12 எண்களைக் கொண்டதாயிற்று. அரச அலுவலகங்கள் கணினிமயமாதல் தொடர்கின்றது, தொடரவும் வேண்டும். அலை அள்ளிச் செல்ல முடியாத பதிவின் அருமையை இக்கரையோர மக்களைவிட நன்கறிந்தவர் எவர்? ஆனால், படிவத்தின் கேள்விகளை வகுக்கும் வேளையிலேயே கிராம உத்தியோகத்தரும், பள்ளிவாசல் நிருவாகியும், வீட்டுக்குரிய பெண்ணும் கலந்து பேசப்படல் இன்றியமையாதது. கணினி வந்தபின் அவர்களைப் பழக்குவதினும், அது வருமுன் அவர்களிடம் கற்பதே சிக்கனமும் நீதியுமாகும்.